உரையாடல் பெட்டியின் பொத்தான்கள்: சொல்லும் விளைவும்

கணினியோ கைபேசியோ தான் செய்துகொண்டிருக்கும் வேலையை இடையில் நிறுத்தி, பயனருக்கு ஒரு செய்தியை அறிவிக்கவோ அவரிடம் ஒரு முடிவைக் கேட்டுப் பெறவோ திரையில் திறக்கும் சிறு சாளரம் உரையாடல் பெட்டி எனப்படுகிறது. அதன் மேற்பகுதியில் ஒரு கேள்வியோ எச்சரிக்கையோ இருக்கும். அடியில் இரண்டு அல்லது மூன்று பொத்தான்கள் இருக்கும். பெரும்பாலான பெட்டிகளில், அவற்றுள் ஒன்றை அழுத்தும்வரை வேறு எந்த வேலையும் நகராது. ஒரு மென்பொருளுக்காகப் பல மாதங்கள் உழைத்து எழுதப்படும் நிரல்களின் முன் இந்தப் பொத்தான்களின்மேல் பொறிக்கப்படும் ஓரிரு சொற்கள் அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு கோப்பு அழிவதும் நிலைப்பதும், பணம் வெளியேறுவதும் தங்குவதும், ஒருவருடைய தரவு பிறர் கைக்குப் போவதும் போகாதிருப்பதும் அந்த ஓரிரு சொற்களை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதைப் பொறுத்தே அமைகின்றன. அழுத்தினால் என்ன நிகழும் என்பதைப் பொத்தான் தன் சொல்லாலேயே தெரிவிக்க வேண்டும், மேலே உள்ள கேள்வியைப் படிக்காமல் விட்டவருக்கும் அது விளங்க வேண்டும் என்னும் நெறி கடந்த நாற்பது ஆண்டுகளில் மெல்ல உருவாகி வந்திருக்கிறது. அது உருவான வழியும், இன்றும் அது மீறப்படும் இடங்களும், அந்நெறியை முழுமையாகப் பின்பற்றினாலும் தீராத சிக்கல்களும் ஆராயத் தக்கவை.

தொடக்ககாலக் கணினித் திரைகளில் பொத்தானே கிடையாது. நிரல் ஒரு வரியில் கேள்வியை எழுதும், பயனர் ஓர் எழுத்தைத் தட்டிப் பதில் சொல்வார். 1980களில் தனிக்கணினிகளில் பரவலாக இருந்த எம்எஸ்-டாஸ் இயங்குதளம், நெகிழ்வட்டைப் படிக்க முடியாதபோது 'அபார்ட், ரீட்ரை, இக்னோர்' என்னும் மூன்று சொற்களை முன்வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. முதலாவதைத் தேர்ந்தால் ஓடிக்கொண்டிருந்த நிரல் அப்படியே நிறுத்தப்பட்டு, சேமிக்காத உழைப்பு முழுதும் போய்விடும். மூன்றாவதைத் தேர்ந்தால் பிழையே நேராததுபோல நிரல் மேற்செல்லும், ஆனால் பழுதான தரவோடு செல்லக்கூடும். வட்டைச் சரியாகச் செருகிவிட்டு இரண்டாவதைத் தேர்வதே பெரும்பாலும் பாதுகாப்பானது. இவற்றுள் எதுவும் திரையில் எழுதப்பட்டிருக்கவில்லை. தேர்வுகள் இருந்தன, அவற்றின் விளைவுகள் மட்டும் மறைந்திருந்தன. இத்துறையின் பிற்காலக் குறைகள் பலவற்றுக்கும் மூலவடிவம் இதுவே எனலாம்.

வரைகலைத் திரைகள் வந்தபின்னும் இக்குறை தொடர்ந்ததற்கு நிரலாக்கக் கருவிகளே பெருங்காரணம். விண்டோஸ் இயங்குதளம் நிரலாளர்களுக்கு 'மெசேஜ் பாக்ஸ்' என்னும் ஆயத்தச் செயற்கூறு ஒன்றை வழங்கியது. ஒரே வரியில் ஒரு பெட்டியைத் திறந்துவிடலாம் என்பதால் அது எங்கும் பரவியது. ஆனால் பொத்தான்களின் சொற்களை நிரலாளர் தாமே எழுத அது இடம் தரவில்லை. 'சரி–ரத்து', 'ஆம்–இல்லை', 'ஆம்–இல்லை–ரத்து' என்பன போன்ற சில கட்டுகளிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். 1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் உறுதிப்படுத்தல் கேட்கும் செயற்கூறும் 'சரி', 'ரத்து' என்னும் இரண்டைத் தவிர வேறு பொத்தானை அறியாது. கேள்விக்கு ஏற்பப் பதில் அமைவதே இயல்பு. இங்கோ கையில் இருந்த பதில்களுக்கு ஏற்பக் கேள்விகள் வளைக்கப்பட்டன. 'இரண்டு கோப்புகளையும் வைத்துக்கொள்ள ஆம் என்பதையும், பழையதை நீக்க இல்லை என்பதையும் அழுத்துக' என்பது போன்ற வாசகங்கள் அப்படிப் பிறந்தவையே. எளிதாகக் கிடைத்த கருவி ஒன்று ஒரு தலைமுறை நிரலாளர்களின் சிந்தனையையே இறுக்கிவிட்டது என்பது மிகைக்கூற்றாகாது.

ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினிக்கான மென்பொருள் உருவானபோது நேர்ந்த ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. ஒப்புதல் பொத்தானுக்கு முதலில் 'டூ இட்' (Do It) என்னும் சொற்களே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. 'ஓகே' என்பது பேச்சுவழக்கின் தொனி மிகுந்தது என்று விலக்கப்பட்டிருந்தது. 1981இல் லாரி டெஸ்லர் நடத்திய பயனர் சோதனைகளில் சிலர் அப்பொத்தானை அழுத்தாமல் தயங்கினர். காரணம் கேட்டபோது, அந்த எழுத்துருவில் இரு சொற்களுக்கும் இடையிலான இடைவெளி புலப்படாததால், மூடன் என்று பொருள்படும் 'டோல்ட்' (Dolt) என்னும் சொல்லாக அதைப் படித்து ஒருவர் மனம் புண்பட்டிருந்தது தெரியவந்தது. பொத்தான் 'ஓகே' என மாறியது, பிறகு உலகெங்கும் நிலைத்தது. அம்மென்பொருளை உருவாக்கிய குழுவினர் திறமையானவர்கள், ஆயினும் தாம் எழுதிய சொல்லைப் பிறர் எப்படிப் படிப்பர் என்பதைப் பிறர் படிக்கும்போதுதான் அவர்களால் அறிய முடிந்தது.

'ஓகே' பரவிய அதே காலத்தில் அதன் போதாமையும் உணரப்பட்டது. ஓர் ஆவணத்தை மூடும்போது எழும் கேள்வியே இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 'மாற்றங்களைச் சேமிக்க வேண்டுமா?' என்று ஒரு மென்பொருள் கேட்டால் 'ஆம்' என்பது உழைப்பைக் காக்கும், 'சேமிக்காமல் மூடலாமா?' என்று இன்னொன்று கேட்டால் அதே 'ஆம்' உழைப்பை அழிக்கும். முதல் மென்பொருளில் பழகிய கை இரண்டாவதில் தவறுவதற்குக் கவனக்குறைவு ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. பொத்தான்களில் 'சேமி', 'சேமிக்காதே', 'ரத்து செய்' என்று வினைகளையே எழுதிவிட்டால் கேள்வி எப்படி அமைந்திருந்தாலும் பதில் தனித்து நின்று பொருள்தரும். மக்கள் பெட்டிகளிலுள்ள உரையை முழுதும் படிப்பதில்லை, கண் நேராகப் பொத்தான்களுக்கே செல்கிறது என்பது இடைமுக வடிவமைப்பாளர்கள் மீண்டும் மீண்டும் கண்டறிந்த உண்மை. ஆப்பிளின் இடைமுக நெறிமுறைகள் வினைச்சொல் பொத்தான்களை வலியுறுத்தியதோடு, அழிக்கும் தன்மையுள்ள 'சேமிக்காதே' பொத்தானை மற்ற இரண்டிலிருந்தும் விலக்கி இடப்புறம் தனியே வைக்கவும் வழிகாட்டின. மைக்ரோசாஃப்டும் விண்டோஸ் விஸ்டாவில் 'டாஸ்க் டயலாக்' என்னும் புதிய செயற்கூறைத் தந்து, பொத்தான்களில் நிரலாளர் தம் சொற்களையே எழுதவும், ஒவ்வொரு தேர்வின் கீழும் ஒரு வரி விளக்கம் சேர்க்கவும் வழி செய்தது.

'ரத்து' என்னும் பொத்தானுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. அதன் மரபான பொருள், 'இந்தப் பெட்டியே திறக்காததுபோல முன்பிருந்த நிலைக்குத் திரும்பு' என்பதாகும். பயனர் செய்ய வந்த வேலையே ஒரு ரத்தாக இருக்கும்போது இப்பொருள் குழம்பிவிடுகிறது. பயணச்சீட்டை ரத்து செய்ய முயலும் ஒருவரிடம் 'முன்பதிவை ரத்து செய்ய வேண்டுமா?' என்று கேட்டு, 'சரி', 'ரத்து' என இரு பொத்தான்களைக் காட்டினால், இரண்டாவது பொத்தான் சீட்டை ரத்து செய்யுமா, ரத்து செய்வதை ரத்து செய்யுமா என்று அவர் திகைப்பார். 'முன்பதிவை ரத்து செய்', 'முன்பதிவை வைத்துக்கொள்' என எழுதினால் திகைப்புக்கு இடமில்லை. இவ்வளவு எளிய திருத்தம் இன்றும் எத்தனையோ சேவைத் தளங்களில் செய்யப்படாமலிருப்பது வருந்தத்தக்கது.

பொத்தானில் வினை மட்டும் இருந்தால் போதுமா என்பது அடுத்த கேள்வி; எதன்மீது, எவ்வளவு என்பதும் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதை 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கியில் நிகழ்ந்த தவறு கடுமையாக உணர்த்தியது. ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்கு முகவராக இருந்த அவ்வங்கி, கடன் தந்தவர்களுக்கு ஏறத்தாழ 78 லட்சம் டாலர் வட்டியை மட்டும் அனுப்ப எண்ணியது. கடனின் அசல் தொகையை வங்கியின் உள்கணக்கு ஒன்றில் நிறுத்திவைக்க வேண்டும். 'ஃபிளெக்ஸ்கியூப்' என்னும் மென்பொருளில் அதற்கு மூன்று கட்டங்களைக் குறியிட வேண்டியிருந்தது. ஒன்றே போதும் என்று கருதி ஒன்றை மட்டும் குறியிட்டனர். செய்பவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர் என மூவரும் பார்த்த பின்னரே பணம் போகும் முறை அங்கே இருந்தது. மூவர் கண்ணிலும் தவறு படவில்லை. பணம் புறப்படும் முன் மென்பொருள் ஓர் எச்சரிக்கைப் பெட்டியைத் திறந்து, பணம் வங்கியைவிட்டு வெளியே செல்லும், தொடரலாமா என்று கேட்டது. வட்டி எப்படியும் வெளியே செல்ல வேண்டியதே என்பதால் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்பது சரியான பதிலாகவே தோன்றியது. வெளியே சென்றதோ வங்கியின் சொந்தப் பணம், ஏறத்தாழ 90 கோடி டாலர். எவ்வளவு தொகை வெளியேறும் என்பதை அந்தப் பெட்டி சொல்லவில்லை என்பதை 2021 பிப்ரவரியில் வந்த நீதிமன்றத் தீர்ப்பும் எடுத்துக்காட்டியது. ஏறத்தாழ 50 கோடி டாலரைத் திருப்பித்தர மறுத்த கடன் தந்தவர்களுக்குச் சாதகமாக அமைந்த அத்தீர்ப்பு, 2022இல் மேல்முறையீட்டில் மாற்றப்பட்டது. பெட்டியில் மொத்தத் தொகையும், பொத்தானில் 'இத்தொகையை அனுப்பு' என்பதும் எழுதப்பட்டிருந்தால், மூவருள் ஒருவராவது நின்றிருக்க வாய்ப்பிருந்தது.

2018 ஜனவரி 13 அன்று காலை ஹவாய்த் தீவுகளில் ஏவுகணை வருகிறது என்னும் பொய் எச்சரிக்கை கைபேசிகளுக்குச் சென்ற நிகழ்வும் இவ்வரிசையில் அடிக்கடி பேசப்படுகிறது. எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளின் பட்டியலில் தவறான வரியை ஊழியர் அழுத்திவிட்டார் என்றே முதலில் செய்தி பரவியது. அப்போது நடந்த பயிற்சியை உண்மைத் தாக்குதல் என்று அவர் நம்பியதாகப் பின்னர் விசாரணையில் தெரிந்தது. எனவே முழுப் பழியையும் இடைமுகத்தின்மேல் சுமத்துவது சரியன்று. எனினும் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் ஆய்வு வெளிக்கொணர்ந்த ஒன்று நம் பொருளுக்கு நேராக உரியது: சோதனைச் செய்தியை அனுப்பினாலும் உண்மை எச்சரிக்கையை அனுப்பினாலும் அந்த மென்பொருள் ஒரே வாசகத்தில்தான் உறுதி கேட்டது. இரண்டுக்கும் பொதுவான கேள்வி இரண்டையும் பிரித்துக் காட்ட இயலாது. திருத்தச் செய்திக்கான ஆயத்த வடிவமும் இல்லாததால், எச்சரிக்கை தவறு என்று மக்களின் கைபேசிகளுக்கு அறிவிக்க 38 நிமிடங்கள் ஆயின.

பொத்தான்களின் வரிசையைப் பற்றி நெடுநாள் நடந்துவரும் விவாதம், அதற்குச் செலவான மையளவு முக்கியமானதன்று. மேக் கணினிகளில் ஒப்புதல் பொத்தான் வலக்கோடியில் நிற்கும். விண்டோஸில் அது இடப்புறமும் 'ரத்து' வலப்புறமும் வரும். லினக்ஸ் உலகின் குனோம் திரைச்சூழல் 2002இல் தன் இரண்டாம் பதிப்பில் மேக் முறையைத் தழுவியது. மற்றொரு லினக்ஸ் திரைச்சூழலான கேடிஇ விண்டோஸ் முறையை ஒட்டியே நின்றது. ஆண்ட்ராய்டு தன் நான்காம் பதிப்பில் ஒப்புதலை இடமிருந்து வலத்துக்கு மாற்றியது. பார்வை ஓடி முடியும் இடத்தில் முக்கியப் பொத்தான் இருக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். முதலில் படிக்கப்படுவதே முதன்மையானதாக இருக்க வேண்டும் என்பர் மறுசாரார். பயனரின் கை எந்த வரிசையில் பழகியிருக்கிறதோ அந்த வரிசையை மாற்றாதிருப்பதே இதில் சொல்லத்தக்க ஒரே உறுதியான விதி. பொத்தானின் சொல் தெளிவாக இருந்தால் வரிசை மாறியும் பிழை குறையும். சொல் தெளிவில்லையேல் எந்த வரிசையும் காப்பாற்றாது.

விசைப்பலகையின் 'என்டர்' விசையை அழுத்தினால் தானே இயங்கும் பொத்தானுக்கு இயல்புப் பொத்தான் என்று பெயர். அழிக்கும் செயலை இயல்புப் பொத்தானாக வைக்கலாகாது என்பதும், 'எஸ்கேப்' விசை எப்போதும் தீங்கற்ற வழியிலேயே வெளியேற்ற வேண்டும் என்பதும் பெரிதும் ஏற்கப்பட்ட மரபுகள். சிவப்பு நிறம் அபாயத்தைக் குறிக்கப் பயன்படுகிறது. ஆனால் நிறத்தை மட்டுமே நம்பினால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்கு அக்குறிப்பு எட்டாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் பொத்தானுக்குப் பொத்தான் தாவும்போது அதன்மேல் உள்ள சொல்லை மட்டுமே உரக்கச் சொல்கிறது. 'ஆம்' என்று கேட்பவருக்கு எதற்கு ஆம் என்பது தெரியாது, 'மூன்று படங்களை அழி' என்று கேட்பவருக்குத் தெரியும். வினைச்சொல் பொத்தான்களின் நியாயத்துக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. அளவும் கருதத்தக்கது. இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருந்தால் அதை அடையும் நேரம் கூடும் என்று பால் ஃபிட்ஸ் 1954இல் விதி வகுத்தார். ஆப்பிள் 44 புள்ளி அளவையும் கூகுள் 48 அலகையும் தொடுபொத்தான்களுக்குப் பரிந்துரைக்கின்றன; 2023இல் வெளியான வலை அணுகல்தன்மை வழிகாட்டி 2.2 குறைந்தது 24 படப்புள்ளிகளைக் கோருகிறது.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் ஒரு பெருஞ்சிக்கல் எஞ்சி நிற்கிறது: அடிக்கடி வரும் கேள்வி படிக்கப்படுவதில்லை. 2005 டிசம்பரில் டோக்கியோ பங்குச்சந்தையில், ஜே-காம் நிறுவனத்தின் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்பதற்குப் பதிலாக, 6,10,000 பங்குகளைத் தலா ஒரு யென்னுக்கு விற்குமாறு மிசுஹோ செக்யூரிட்டீஸ் ஆணையிட்டுவிட்டது. திரையில் எச்சரிக்கை தோன்றியது. அது கடந்து செல்லப்பட்டது. இழப்பு 4,000 கோடி யென்னை எட்டியது. விண்டோஸ் விஸ்டா சிறு மாற்றங்களுக்கும் அனுமதி கேட்டுப் பயனர்களைச் சலிப்படையச் செய்ததும், 2009இல் வந்த விண்டோஸ் 7 அக்கேள்விகளைக் குறைக்க வேண்டியிருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். உறுதி கேட்கும் பெட்டிக்குப் பதில் சொல்வதே நாளடைவில் ஆணையின் ஒரு பகுதியாகி, 'அழி' என்பதும் 'ஆம்' என்பதும் கைக்கு ஒரே அசைவாகிவிடுகின்றன என்று இடைமுக வடிவமைப்பாளர் ஜெஃப் ராஸ்கின் 2000இல் வெளியான தம் நூலில் விளக்கினார். எச்சரிக்கை எப்போதுமே பயனற்றது என்பது இதன் பொருளன்று. 2013இல் தேவ்தத்தா அகாவே, ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட் இருவரும் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட உலாவி எச்சரிக்கைகளை ஆராய்ந்தபோது, பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கையைக் குரோமில் ஏறத்தாழ 70 விழுக்காடு நேரங்களில் பயனர்கள் மீறிச் சென்றதும், ஃபயர்ஃபாக்ஸில் அது 33 விழுக்காடாக இருந்ததும் தெரியவந்தன. இரு உலாவிகளின் பயனர்களும் எச்சரிக்கைகளின் எண்ணிக்கையும் ஒரேபோல் இருந்தன என்று கொள்ள முடியாதெனினும், வடிவமைப்புக்கு இதில் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது.

கேட்காமலே விடுவதுதான் பல இடங்களில் சிறந்த வடிவமைப்பு என்னும் முடிவுக்கு இடைமுக வடிவமைப்புத் துறையினரான ஆலன் கூப்பர், பென் ஷ்னைடர்மன் முதலான பலரும் வெவ்வேறு வழிகளில் வந்தனர். செய்ததைத் திரும்பப் பெறும் வசதி, அதாவது 'செயல்தவிர்', இருக்குமானால் முன்கூட்டியே உறுதி கேட்கத் தேவையில்லை. கோப்பை உடனே அழிக்காமல் குப்பைத்தொட்டியில் வைத்திருக்கும் முறை 1983இல் வந்த லிசா காலத்திலிருந்தே இருக்கிறது. ஜிமெயில் 2009இல் சோதனை முறையில் தந்த 'அனுப்பியதைத் திரும்பப் பெறு' வசதி, மடலைச் சில நொடிகள் பிடித்துவைத்துவிட்டே அனுப்புகிறது. தவறை மனிதர் பெரும்பாலும் அழுத்திய மறுநொடியில்தான் உணர்கிறார் என்னும் அனுபவத்தின்மேல் எழுந்த ஏற்பாடு அது. ஓஎஸ் எக்ஸ் லயன் 2011இல் தானியங்குச் சேமிப்பைக் கொண்டுவந்தபோது, பல செயலிகளில் 'சேமிக்க வேண்டுமா?' என்னும் பழங்கேள்வியே அருகிப்போயிற்று. மீட்கவே இயலாத செயல்களுக்கு மட்டும் கேள்வியை ஒதுக்கிவைத்தால் அக்கேள்விக்கு மதிப்பு திரும்பும். கிட்ஹப் தளம் ஒரு நிரல் களஞ்சியத்தை அழிக்கும் முன் அதன் பெயரைப் பயனரே தட்டச்சிடச் செய்வது, பழகிய கையைத் தடுத்து நிறுத்தும் நல்ல உத்தி. ஆனால் சிறு விஷயங்களுக்கும் இதைச் செய்தால் இதுவும் பழகிப்போகும்.

தெளிவின்மை எப்போதும் அறியாமையால் நேர்வதன்று. வேண்டுமென்றே விளைவிக்கப்படுவதும் உண்டு. பயனரை அவர் விரும்பாத தேர்வுக்குத் தள்ளும் இத்தகைய அமைப்புகளுக்கு வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010இல் 'டார்க் பேட்டர்ன்ஸ்' என்று பெயரிட்டார். இருண்ட வடிவங்கள் எனலாம். 'ஏற்கிறேன்' என்னும் பெரிய வண்ணப் பொத்தானுக்கு அருகே மறுப்பதற்கான வழியை மங்கிய சிறு எழுத்தில் மறைத்துவைப்பது அவற்றுள் பரவலானது. குக்கீகளை ஏற்பதைப்போல மறுப்பது எளிதாக இல்லை என்பதற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. ஃபேஸ்புக்கில் மறுப்பதற்கான பொத்தானின் மேலேயே 'குக்கீகளை ஏற்கவும்' என்று எழுதியிருந்ததை அவ்வாணையம் சுட்டிக்காட்டியது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு விதிகள் 13 வகை இருண்ட வடிவங்களைத் தடைசெய்கின்றன. காப்பீடு வேண்டாதவர் 'நான் பாதுகாப்பின்றியே இருப்பேன்' என்னும் பொருளுடைய தேர்வை அழுத்தியாக வேண்டும் என்று வைத்து வெட்கப்படுத்துவது அவற்றுள் ஒன்று. நேரான 'ஆம்' என்னும் பதிலே கிடைக்காதபடி கேள்வியைத் திருகிக் கேட்பது இன்னொன்று. பொத்தானின் சொல் இதனால் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிட்டது, அது வரவேற்கத்தக்கது.

தமிழில் இயங்கும் மென்பொருள்களுக்கு இவற்றோடு இன்னும் ஒரு பொறுப்பு சேர்கிறது. பொத்தான் சொற்கள் மொழிபெயர்ப்பாளரிடம் பெரும்பாலும் தனித்தனித் துண்டுகளாக வருகின்றன. எந்தக் கேள்வியின் கீழ் அச்சொல் நிற்கும் என்பது அவருக்குத் தெரிவதில்லை. அதனால் விருப்பத்தைக் கேட்கும் இடத்தில் 'வேண்டாம்' என்று வர வேண்டிய பதில் 'இல்லை' என்று வந்து நிற்கிறது. ஒரே பெட்டியில் ஒரு பொத்தான் 'சேமி' என்று ஏவலாகவும் மற்றொன்று 'ரத்துசெய்யப்பட்டது' என்று முடிந்த செயலாகவும் அமைந்துவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்கு அளந்து செய்த பொத்தானில் தமிழ்ச்சொல் பாதியில் வெட்டுப்பட்டு, 'சேமிக்காதே' என்பது 'சேமிக்க…' எனத் தோன்றினால், காக்கும் பொத்தானும் கைவிடும் பொத்தானும் பார்வைக்கு ஒன்றாகிவிடும். மொழிபெயர்ப்புக் கோப்புகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் சூழலைக் குறித்துவைக்கும் வசதி 'கெட்டெக்ஸ்ட்' போன்ற கருவிகளில் முன்பே உள்ளது. மென்பொருள் செய்வோர் அவ்வசதியைப் பயன்படுத்தி முழுப் பெட்டியையும் மொழிபெயர்ப்பாளருக்குக் காட்ட வேண்டும். மொழிபெயர்ப்பாளர்களும் தம் சொற்களை வெளியிடும் முன், கணினியோடு அதிகம் பழகாத சில தமிழ்ப் பயனர்களிடம் அப்பெட்டியைத் தந்து, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தினால் என்ன நடக்கும் என்று அவர்களையே சொல்லச் செய்து கேட்டறிய வேண்டும்.